கொழும்புக் கராஜில் மரவேலை: மெஷின் பிறகு, முதலில் ஈரம்

கேள்வி இதுதான். தெஹிவளையில் வீடு, 10 அடிக்கு 18 அடி கராஜ். இரவில் கார் நிற்கும், சனி ஞாயிறு பகலில் வெளியே எடுத்துவிடலாம். மரவேலை பழக ஆசை. டேபிள் சோவும் (மேசையில் பூட்டிய சுழல் வாள்) பிளேனரும் (பலகை இழைக்கும் மெஷின்) முதலில் வாங்கிவிடலாமா? டொரொன்டோவிலிருந்து மச்சான் ஜூலையில் வருகிறார், அவரிடம் கருவிகள் சொல்லிவிடலாமா? முதல் வேலையாக ஆறு பேர் இருந்து சாப்பிடுகிற தேக்கு மேசை செய்ய முடியுமா? வீட்டில் மனைவி கேட்பது நவராத்திரிக்கு ஒரு கொலுப்படி.

சுருக்கமான பதில்: டேபிள் சோ இப்போது வேண்டாம். பிளேனர் கடைசி வரைக்கும் தேவைப்படாமலே போகலாம். மச்சானிடம் சொல்லிவிட நல்ல சாமான்கள் உண்டு, ஆனால் கரண்டில் ஓடுவது எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. தேக்கு மேசை அடுத்த வருடம். கொலுப்படி இந்த வருடமே. இனி ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிறேன்.

நாம் யூடியூபில் பார்ப்பதில் பெரும்பகுதி குளிர் நாட்டுக் கராஜ்களில் எடுத்தது. அங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதால் காற்று வறண்டு, வீட்டுக்குள் இருக்கும் மரத்தின் ஈரம் 6 முதல் 9 வீதம் வரை இறங்கிவிடும். கொழும்பில் காற்றின் ஈரப்பதம் வருடத்தின் பெரும்பகுதி 80 வீதத்தை ஒட்டியே நிற்கிறது. அந்தக் காற்றில் எவ்வளவு காலம் வைத்தாலும் மரம் 15, 16 வீத ஈரத்துக்குக் கீழே இறங்காது. ஆகவே "8 வீதத்துக்கு உலர்ந்த மரம் வாங்குங்கள்" என்று அங்கே சொல்கிற அறிவுரை இங்கே பாதிதான் பொருந்தும். சூளையில் 8 வீதத்துக்கு உலர்த்திய பலகையை வாங்கி வந்து உங்கள் கராஜில் வைத்தால், அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத் தானாகவே ஏறிக்கொள்ளும்.

சிக்கல் வருவது ஏசி அறையில். திறந்த யன்னல் வீட்டில் செய்த சாமானை, நாள் முழுக்க ஏசி ஓடும் அறைக்குள் கொண்டுபோனால் அதன் ஈரம் 11 வீதம், சில வேளை அதற்கும் கீழே போகும். தேக்கை எடுத்துக்கொள்வோம். பச்சை மரம் முழுக்க உலரும்போது அகலவாட்டில் கிட்டத்தட்ட 5.8 வீதம் சுருங்கும். கணக்குப் போட்டால், 600 மி.மீ. அகலமான மேசைப் பலகை 15 வீதத்திலிருந்து 11 வீதத்துக்கு இறங்கும்போது 5 மி.மீ. அளவு குறுகும். நீளவாட்டில் ஏறக்குறைய ஒன்றும் நடக்காது. இந்த 5 மி.மீட்டருக்கு வழி விடாமல் பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு இறுக்கியிருந்தால், ஒன்று பலகை பிளக்கும், அல்லது மூலை இணைப்பு வாய் திறக்கும். மகோகனி இந்த விஷயத்தில் சாது, அகலவாட்டுச் சுருக்கம் 4 வீதத்தை ஒட்டித்தான். முதல் கனமான வேலைக்கு மகோகனியை நான் பரிந்துரைப்பதற்கு விலையை விட இதுதான் காரணம்.

பரிகாரம் சிக்கலானதல்ல. மேசைப் பலகையைச் சட்டத்தில் பிடிக்கும் ஸ்குரூத் துளைகளை வட்டமாகப் போடாமல், பலகையின் அகலம் ஓடும் திசையில் நீள்துளையாகப் போடுங்கள். பசை வேண்டாம். அலுமாரிக் கதவென்றால் நடுப் பலகையைச் சட்டத்தின் காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) ஒட்டாமல் சும்மா நிற்க விடுங்கள், சுற்றிவர இரண்டு மூன்று மி.மீ. இடம் இருக்கட்டும். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் சட்டம் போட்ட கதவு இருந்தால் அடுத்த முறை தட்டிப் பாருங்கள், நடுப் பலகை லேசாக ஆடும். அது தளர்ச்சி அல்ல, ஓடாவி (தச்சர்) தெரிந்து விட்ட இடம்.

சரி, வாங்கும் பலகை உலர்ந்ததா என்று எப்படித் தெரியும்? இரண்டு முள் குத்திப் பார்க்கும் ஈரமானி ஒன்று வாங்கலாம், மலிவானதே போதும். ஆனால் பலகையின் முனையில் குத்தாதீர்கள், முனை எப்போதும் உலர்ந்துதான் காட்டும். ஓர் அடி உள்ளே குத்துங்கள். ஈரமானி இல்லையென்றால் சமையலறைத் தராசு போதும். பலகையிலிருந்து ஒரு துண்டு வெட்டி, வாரம் ஒரு முறை நிறுத்து, கிராம் கணக்கைச் சுவரில் எழுதி வாருங்கள். நிறை இறங்குவது நிற்கும் வரை அந்தப் பலகையில் கை வைக்காதீர்கள்.

வாங்கி வந்த பலகையைச் சுவரில் சாய்த்து வைப்பதுதான் எல்லாரும் செய்வது. வளையும். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், முக்கால் அங்குல இடைக்கட்டைகளை ஒன்றுக்கு நேர் மேலே ஒன்று வரும்படி வைத்து, பலகைகளை அடுக்குங்கள். மேலே கொஞ்சம் பாரம். முனைகளில் பழைய பெயின்ட் ஒரு பூச்சுப் பூசிவிட்டால் முனை வெடிக்காது. கொங்கிரீட் தரை ஈரம் கக்கும், அதோடு கறையானுக்கும் தரைதான் வழி. இரண்டுக்காகவும் தரையை விட்டுத் தூக்கியே வையுங்கள்.

மரம் வாங்குவது பற்றி. உங்களுக்கு வசதி மொரட்டுவை. தளபாடத்துக்குப் பெயர்போன ஊர், காலி வீதியில் 101 பஸ் பிடித்தால் நேரே போய் இறங்கலாம். திரும்பி வரத்தான் பட்டா என்கிற சின்ன லொறி தேவைப்படும். முதல் முறை வெறுங்கையோடு போய், நாலைந்து மரக்கடை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள். அரச மரக் கூட்டுத்தாபனத்தின் விற்பனை நிலையங்களிலும் அறுத்த மரம் கிடைக்கும், தேக்கு வாங்குவதென்றால் அங்கேயும் ஒரு முறை விசாரித்துவிடுங்கள். விலை கன அடிக் கணக்கில் சொல்வார்கள். கணக்கு சுலபம்: நீளம் அடியில், அகலமும் தடிப்பும் அங்குலத்தில், மூன்றையும் பெருக்கி 144 ஆல் வகுக்க வேண்டும். 8 அடி நீளம், 6 அங்குல அகலம், 1 அங்குலத் தடிப்புள்ள பலகை மூன்று சேர்ந்தால் ஒரு கன அடி. இழைத்த பிறகு அந்த 1 அங்குலம் 20, 22 மி.மீட்டருக்கு வந்துவிடும் என்பதையும் நினைவில் வைத்து, தேவைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி வாங்குங்கள். கடையில் பேச்சு சிங்களத்தில் நடக்கும். பலாவுக்குக் கொஸ், முதிரைக்குப் புருத, மருதுக்குக் கும்புக் என்ற அளவுக்குத் தெரிந்திருந்தால் போதும். பில் கேட்டு வாங்குங்கள். மரம் ஏற்றிப் போகும் வண்டியை வழியில் மறித்துக் கேட்பது இங்கே சாதாரணம்.

எந்த மரம்? தொடக்கத்துக்கு நான் சொல்வது இறப்பர் மரம் அல்லது மகோகனி. பால் வற்றிய இறப்பர் மரங்களை 25, 30 வருடத்தில் தோட்டங்கள் வெட்டும், அந்த மரம்தான் இது. வெளிர் நிறம், ஒழுங்கான வரி, உளிக்கு இணங்கும். ஆனால் அதில் மாச்சத்து அதிகம் என்பதால் வண்டு விரும்பித் தின்னும், போரான் ஏற்றிப் பதப்படுத்தியதா என்று கேட்டே வாங்க வேண்டும். மேசைக்குக் கீழே மா மாதிரி மெல்லிய தூள் கொட்டிக் கிடந்தால் வண்டு வந்துவிட்டது என்று அர்த்தம். தேக்கு அருமையான மரம்தான். ஆனால் இளம் தேக்கில் வெள்ளை (வெளிப்பக்க வெளிர் மரம்) அதிகம், வைரம் (உள்ளே இருக்கும் கடும் மரம்) கொஞ்சம். பூச்சி அரிக்காமல் நிற்பது வைரம் மட்டுமே, "தேக்கு" என்ற பெயர் வெள்ளையைக் காப்பாற்றாது. தேக்கில் மணற்சத்து இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும். அதன் எண்ணெய்த் தன்மையால் பசையும் சரியாகப் பிடிக்காது, ஒட்டுவதற்குச் சற்று முன்னால் தின்னர் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். முதிரையும் பாலையும் கல் மாதிரி. இப்போதைக்குத் தொடாதீர்கள். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் கொண்டுவரும்.

பலாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு அது பிடித்த மரம். மிருதங்கமும் வீணையும் பலாவில் கடைவது தெரிந்ததுதான். புதிதாக இழைத்த பலகை மஞ்சளாக இருக்கும், வெளிச்சம் பட்டுப் பட்டு சில வருடத்தில் செம்பழுப்பாக மாறும். வீட்டு வளவில் பலா நிற்கிறது, வெட்டிப் பலகையாக்கலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று 1951 இலிருந்து சட்டம் இருக்கிறது. முதல் விசாரிக்க வேண்டிய இடம் பிரதேச செயலகம்.

இதை விட நல்ல வழி ஒன்று உண்டு: பழைய மரம். கொழும்பில் வீடு இடித்துத் தொடர்மாடி கட்டாத ஒழுங்கை இல்லை. இடிக்கும் வீட்டுக் கதவு, நிலை, வளை எல்லாம் விற்பனைக்கு வரும். அரை நூற்றாண்டு இந்தக் காற்றிலேயே இருந்த மரம், ஆட வேண்டிய ஆட்டமெல்லாம் பெரும்பாலும் ஆடி முடித்தது. உடைந்த ஆணி உள்ளே இருக்கிறதா என்று காந்தம் வைத்துத் தடவிப் பார்த்த பிறகே வாளை வையுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும், அதை உப்புத்தாளால் தேய்த்துப் பறக்க விடாமல் சுரண்டி எடுங்கள். துறைமுகம் பக்கத்திலிருந்து வரும் பலெட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) பலகையும் பழகுவதற்கு நல்லது, பெரும்பாலும் பைன். பலெட்டில் கோதுமைக் கதிர் போட்ட முத்திரை இருக்கும். அதில் எச்.டி. (HT) என்றிருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மெதைல் புரோமைட் வாயு அடித்தது, வீட்டுக்குள் வேண்டாம்.

இனி மெஷின். பிளேனர் ஏன் தேவைப்படாது என்றால், மரக்கடைகளுக்குப் பக்கத்திலேயே இழைத்துக் கொடுக்கும் மில் இருக்கிறது. சின்னக் கூலிக்கு நாலு பக்கமும் நேராக்கித் தருவார்கள். கையால் ஒரு நாள் இழுபடும் வேலை அங்கே பத்து நிமிடம். அமெரிக்காவில் புறநகரில் இருப்பவருக்கு இந்த வசதி பக்கத்தில் கிடைப்பது குறைவு, அதனால் அவர் மெஷின் வாங்குகிறார். ஆனால் ஒன்று: மில்லுக்குக் கொண்டுபோக முன் மரம் உலர்ந்திருக்க வேண்டும். ஈர மரத்தை இழைத்து வாங்கினால் அடுத்த மாதம் அது அப்பளம் மாதிரி வளைந்து நிற்கும், கூலியும் போச்சு, தடிப்பும் போச்சு. டேபிள் சோவுக்கு உங்கள் கராஜ் போதாது. ஒரு 8 அடிப் பலகையை அறுக்க வாளுக்கு முன்னால் 8 அடி, பின்னால் 8 அடி வேண்டும், உங்கள் 18 அடியில் 16 அடி அதற்கே போய்விடும். ஷீட்களைக் கடையிலேயே அளவு கொடுத்து வெட்டி வாங்கலாம்.

அப்படியானால் கையில் என்ன வேண்டும்? இழுத்து அறுக்கும் ஜப்பான் மாதிரி வாள் ஒன்று. அரை அங்குலம், ஒரு அங்குலம் இரண்டு உளி. கொட்டாப்புளி. மரம் இழைக்க நாலாம் நம்பர் அளவுச் சீவுளி. மூலைமட்டம், நல்லதாக. ஓரத்துக்குச் சமாந்தரமாகக் கோடு கீறும் வரைகட்டை. பற்றரியில் ஓடும் டிரில். கிளாம்ப் நாலு, பிறகு இன்னும் நாலு, அது என்றைக்கும் போதாது. கடைக்குப் பழைய சோனகர் தெருப் பக்கம் போங்கள், ஒரே தெருவில் எல்லாம் பார்க்கலாம். பழைய நல்ல சீவுளியும் உளியும் பஞ்சிகாவத்தைப் பக்கம் தேடினால் சில நேரம் அகப்படும், துருவைப் பார்த்துப் பயப்படாதீர்கள், குழி விழாத துரு தேய்த்தால் போகும். மூலைமட்டத்தைக் கடையிலேயே சோதித்து வாங்குங்கள்: நேர் ஓரமுள்ள பலகையில் ஒரு கோடு கீறி, மட்டத்தைப் புரட்டிப் போட்டு அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழாவிட்டால் அடுத்ததை எடுக்கச் சொல்லுங்கள்.

இந்தப் பட்டியலை விட முக்கியம் சாணை. கடையிலிருந்து வரும் உளி வெட்டாது, தள்ளும். முதலில் அதன் தட்டையான முதுகைக் கல்லில் வைத்து நுனிப் பக்கம் கண்ணாடி மாதிரி வரும் வரை தேயுங்கள், இது ஒரு தடவை வேலை. சாய்வு 25 பாகையில் இருக்கும், நுனியை மட்டும் 30 பாகையில் கொஞ்சம் தேய்த்தால் போதும். 1000 நம்பர் கல், அப்புறம் 6000, கடைசியில் தோல் பட்டியில் நாலு இழுவை. கல் வாங்க மனமில்லையென்றால் தடித்த கண்ணாடித் துண்டில் தண்ணீர் உப்புத்தாளை ஒட்டி 400, 1000, 2000 என்று ஏறினாலும் வேலைக்குப் போதுமான கூர் வரும். மென்மரத்தின் முனையைச் சீவிப் பாருங்கள். நொறுங்காமல் வழுவழுவென்று வெட்டுப்பட்டால் உளி தயார். தெஹிவளை கடற்கரைக் காற்றில் உப்பு இருக்கிறது, வேலை முடிந்ததும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துடைப்பு. மறந்தால் ஒரே வாரத்தில் பொட்டுப் பொட்டாகத் துரு பிடிக்கும்.

மச்சான் விஷயம். கனடாவில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அங்கத்தைய சர்க்கியூலர் சோவை (கையில் பிடித்து அறுக்கும் சுழல் வாள்) இங்கே நேரே செருகினால் புகைதான். ட்ரான்ஸ்ஃபோமர் போடலாம், ஆனால் 1500 வாட் இழுக்கும் சாமானுக்கு ஏற்ற ட்ரான்ஸ்ஃபோமரின் பாரத்தைத் தூக்கிப் பார்த்தால் ஆசை அடங்கும். பற்றரிக் கருவியும் சார்ஜரில் போய் முட்டும், அங்கத்தைய சார்ஜர் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கு மட்டுமானது. லண்டன் சொந்தக்காரர் என்றால் கதை வேறு, அங்கேயும் 230 வோல்ட், நம்முடைய 13 ஆம்பியர் சதுர முள் பிளக்கேதான். மச்சானிடம் கேளுங்கள்: நல்ல உளி ஒரு செட், சின்ன சீவுளி ஒன்று, வைரத்தூள் பதித்த சாணைத் தட்டு, வரைகட்டை. எல்லாம் சேர்ந்தும் பாரம் அதிகமில்லை. கைப்பையில் வைக்காமல் பெட்டியில் போடச் சொல்லுங்கள், விமான நிலையத்தில் உளியைப் பறித்துவிடுவார்கள்.

கராஜின் கரண்டைப் பாருங்கள். பழைய வீடுகளில் கராஜுக்கு ஒரு லைட் வயரும் 5 ஆம்பியர் பிளக் ஒன்றும்தான் இழுத்திருப்பார்கள். 5 ஆம்பியரை 230 ஆல் பெருக்கினால் 1150 வாட். சர்க்கியூலர் சோ அதைத் தாண்டும். மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு தனி 13 ஆம்பியர் இணைப்பு எடுத்து, 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச்சில் அது வருகிறதா என்று சோதியுங்கள். வயர் உருளை பாவித்தால் முழுவதும் அவிழ்த்து விட்டே பாவியுங்கள், சுற்றி இருக்கும்போது சூடேறும். கூரை அஸ்பெஸ்டஸ் தகடு என்றால் லைட் மாட்டவோ ஏணி தொங்கவிடவோ அதில் துளை போடக் கூடாது, அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. மரச் சட்டத்தில் மாட்டுங்கள்.

இன்னொன்றைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். நம் ஊரில் பாஸ்மாரில் (தச்சு, மேசன் வேலைக்காரர்) பலர் ஆங்கிள் கிரைண்டரில் (இரும்பு வெட்டவும் தேய்க்கவும் பாவிக்கும் கைமெஷின்) மரம் வெட்டும் பல் தட்டைப் பூட்டி, காவலைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்வார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கையில் எடுக்காதீர்கள். கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும், சர்க்கியூலர் சோ அதில் பாதி அளவுதான். பல் மரத்தில் சிக்கினால் கிரைண்டர் திரும்பிப் பாய்வது முகத்துக்கோ தொடைக்கோ. இருபது வருடம் அப்படி வேலை செய்த பாஸ் ஒருவரை உதாரணம் காட்டுவார்கள். அவருடைய விரல்களையும் எண்ணிப் பாருங்கள். சுழலும் எந்தக் கருவிக்கும் கையுறை போட வேண்டாம், துணியைப் பிடித்துக் கையை உள்ளே இழுக்கும். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு என்95 முகக்கவசம். மரத்தூளை 1995 இலேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு புற்றுநோய்க் காரணிகளில் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. சீவுளியிலிருந்து சுருண்டு விழும் சீவலால் ஆபத்து இல்லை, உப்புத்தாளில் பறக்கும் மாவுதான் வில்லன். சும்மா கிடக்கும் பெயின்ட் டின்னையும் கவிழ்த்து வையுங்கள், நுளம்பு முட்டையிட்டால் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து நிற்பார்.

முதல் வேலை, வேலை செய்ய ஒரு மேசை. காருக்கும் இடம் வேண்டும் என்பதால் சுவரில் கீல் போட்டு மடக்கும் மாதிரி: 5 அடி நீளம், 20 அங்குல அகலம், 18 மி.மீ. பிளைவுட் இரண்டு ஒட்டித் தடித்த பலகை, கீழே மடங்கும் இரண்டு கால். உயரம் நின்றபடி கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் அளவு. முதல் மேசை ஆடக் கூடாது, அழகு தேவையில்லை. அதில் ஒரு சின்ன ஸ்டூல் செய்து பாருங்கள். முனையைக் கழுந்தாக வெட்டி மற்றதில் துளை குடைந்து நுழைக்கும் இணைப்பு எட்டு இடத்தில் வரும். முதல் இணைப்புக்கும் எட்டாவதுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். துளையை முதலில் வெட்டி, கழுந்தை அதற்கு ஏற்றபடி சீவுங்கள், வரிசையை மாற்றிச் செய்தால் சரிசெய்ய வழி இல்லை. கையால் அழுத்தினால் போக வேண்டும், சுத்தியல் கேட்டால் இறுக்கம் அதிகம், பலகை பிளக்கும். சமையலறை வெட்டுப்பலகை கேட்டால் புளிய மரத் துண்டு தேடுங்கள், இறைச்சிக் கடை அடிக்கட்டைகள் அதில்தான். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்குயிட் பரஃபின் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் பூசினால் நாள்பட வாடை அடிக்கும்.

இனி கொலுப்படி. இதற்கு ஒரு 8 க்கு 4 பிளைவுட் ஷீட், 18 மி.மீ., ஒன்று போதும், வீணாவது மிகக் குறைவு. ஐந்து படி, ஒவ்வொன்றும் 9 அங்குல அகலம், 8 அங்குல ஏற்றம். ஷீட் 96 க்கு 48 அங்குலம். கடையிலேயே 48 அங்குல நீளத்தில் 9 அங்குலப் பலகை ஐந்து வெட்டச் சொல்லுங்கள், 45 அங்குலம் போய்விடும். மிச்சத்தில் 45 க்கு 48 அங்குலச் செவ்வகம் ஒன்றைக் குறியுங்கள். 45 பக்கத்தை 9 அங்குலமாக ஐந்தாகவும், 48 பக்கத்தை 8 அங்குலமாக ஆறாகவும் கட்டம் போடுங்கள். ஒரு மூலையிலிருந்து ஏறு ஏறு என்று படிக்கோடு இழுத்தால், அந்த ஒரே கோடு செவ்வகத்தை ஒரே மாதிரியான இரண்டு படிக்கட்டுப் பக்கங்களாகப் பிரிக்கும். இரண்டுமே 45 அங்குல அடி, 40 அங்குல முதுகு. ஜிக்சோவால் (மெல்லிய அலகு மேலும் கீழும் ஓடும் மின்வாள், இதற்கு மட்டும் இரவல் எடுத்தால் போதும்) அறுங்கள். மூலைகளில் வாள் திரும்ப ஒரு சின்னத் துளை போட்டுக்கொள்ளலாம், மேலே துணி விரிப்பதால் அது கண்ணில் படாது. மிஞ்சும் 5 அங்குலச் சொச்சப் பட்டியை நீளவாட்டில் இரண்டாகக் கிழித்தால் முதுகில் மேலும் கீழும் குறுக்குச் சட்டம். பக்கங்களை 3 அடி இடைவெளியில் நிறுத்தி, சட்டத்தை எல் வடிவ இரும்பும் கையால் திருகும் நட்டும் போட்டுப் பூட்டுங்கள், படிப் பலகைக்கு அடியில் பக்கங்களை ஒட்டி சின்னக் கட்டை ஒட்டினால் பலகை நகராது. பத்து நாள் முடிந்ததும் கழற்றி ஒன்பது பலகையாகக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். ஷீட் வாங்கும்போது ஓரத்தைப் பாருங்கள், நடு அடுக்கில் ஓட்டை தெரிந்தால் வேறு ஷீட். களிமண் பொம்மை பாரம் கூடியது, மேல்படியில் பெரிய பொம்மைகளைப் பக்கங்களுக்கு நேர் மேலே வையுங்கள்.

பூச்சுக்கு வந்தால் மறுபடியும் ஈரம்தான். மழை நாளில் லேக்கரோ அரக்குப் பொலிஷோ பூசினால் காற்றின் ஈரம் படிந்து மேலே பால் மாதிரி வெண்மை படரும். நவராத்திரி வருவதே ஒக்டோபரை ஒட்டி, கொழும்பில் பின்னேர இடிமழைக் காலம். காலை பத்து மணியிலிருந்து பகல் ஒரு மணிக்குள் பூசி முடித்துவிடுங்கள். தண்ணீரில் கரையும் பொலியுரேதேன் வார்னிஷ் இந்தக் கஷ்டம் குறைவாகத் தரும், கராஜில் வாடையும் குறைவு. மெல்லிய பூச்சு மூன்று, இடையில் 320 உப்புத்தாள். லின்சீட் எண்ணெய் பாவித்தால் துடைத்த துணியைச் சுருட்டிப் போட வேண்டாம், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்ட பிறகே குப்பைக்கு.

பக்கத்து வீட்டுக்காரரோடு பிரச்சினை வராமல் இருக்க, சத்தமான வேலையைச் சனிக்கிழமை பகலுக்குத் தள்ளிவிடுங்கள். வாளும் சீவுளியும் இரவு ஒன்பதுக்கும் ஓடும், யாருக்கும் கேட்காது. கைக்கருவியில் தொடங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேக்கு மேசைக்கு இப்போதே ஒரு வேலை இருக்கிறது. பலகையை இந்த மாதமே வாங்கி, முனைக்குப் பெயின்ட் அடித்து, கராஜின் பின் சுவரோரம் இடைக்கட்டை போட்டு அடுக்குங்கள். கார் நிற்க அது தடையாகாது. அதற்குள் மேசையும் ஸ்டூலும் கொலுப்படியும் முடிந்திருக்கும். ஜனவரி, பெப்ரவரிதான் கொழும்பில் மழை குறைந்த மாதங்கள். ஜனவரியில் ஒரு தடவை ஈரமானி குத்திப் பாருங்கள். 15, 16 வீதத்துக்கு வந்திருந்தால் மில்லுக்குக் கொண்டுபோய் இழைத்து, அந்த மாதத்திலேயே ஒட்டுங்கள். வராவிட்டால் அடுக்கைக் கலைக்காமல் அப்படியே விட்டுவிட்டு, மகோகனியில் ஒரு புத்தக அலுமாரி தொடங்குங்கள்.